மேஜை போடாதே, மால்காஸ்

ருஸ்தாவி, 3 ஆகஸ்ட் 2013

என் மரேக்கி, உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும்,

தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னபோது நான் ஒரு பழைய வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் சட்டென்று எழுந்து நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டேன். வீக்கம் இன்னும் இருக்கிறது, வந்து பார். இத்தாலியில், அந்தப் பாரி நகரத்தில் போலீஸ் தொப்பியைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்த என் பெண்டாட்டி இனி விமானம் ஏறி வீட்டுக்கு வரலாம், திரும்பியும் போகலாம். ஏழு வருடம் பட்டதற்கு இதுவாவது கிடைத்ததே.

இரண்டு வாரம் விடுப்பு என்றாய். ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டேன். எல்லாம் முடிவு செய்துவிட்டேன், நீ மூளையைக் கசக்க வேண்டாம். அக்டோபர் தொடக்கத்தில் நீ வரும்போது ககேத்தியில் திராட்சை அறுவடை உச்சத்தில் இருக்கும். நேராகக் க்வரேலிக்கு, அண்ணன் தமாஸ் வீட்டுக்குப் போகிறோம். கறுப்புத் திராட்சையை உனக்காகவே கடைசியாக அறுக்கிறேன் என்று தமாஸ் சொல்லிவிட்டான். அறுவடை முடிகிற அன்று நாற்பது பேருக்கு விருந்து மேஜை. தாழி திறந்து போன வருடத்து ஒயின். "டேய், பன்னி வாங்கிட்டேன்டா. சாதாரணப் பன்னி இல்ல, நம்ம பழைய ஹெட்மாஸ்டர் சைஸு" என்கிறான்.

விருந்தை நடத்தி வாழ்த்துச் சொல்கிற தமாதா யார் என்று கேட்காதே. கோப்பையைத் தூக்கி நாற்பது பேரையும் அழவைத்துச் சிரிக்கவைக்கிற வாய் நம் பக்கத்தில் வேறு யாருக்கு இருக்கிறது? இந்த முறை முதல் வாழ்த்தே உனக்குத்தான். மனசுக்குள் இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் சிக்னாகியில் மூன்று நாள், பால்கனி வைத்த அறை. காலையில் எழுந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம். அமெரிக்காக்காரன் அதைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறான், நாம் ருஸ்தாவியிலிருந்து போகக்கூடாதா?

இத்தாலிக்கு ஓட்டுகிற நொதாரியின் பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே புளிப்பு பிளம் சட்னி இரண்டு பாட்டில். ஒன்றுதான் வந்து சேர்ந்தது என்றால் சொல், அவன் காதைத் திருகுகிறேன்.

உன் மால்காஸ்


பாரி, 12 ஆகஸ்ட்

மால்காஸ்,

இரண்டு பாட்டிலும் வந்தன. நெற்றிக்கு ஐஸ் வை.

போனில் சொன்னால் நீ பாட ஆரம்பித்துவிடுவாய், நானும் சரி சரி என்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எனக்கு க்வரேலி வேண்டாம், சிக்னாகியும் வேண்டாம். வாஷ்லோவானிப் பாலைவனத்துக்குப் போகலாம். நான்கு நாள் நடக்கலாம், நீயும் நானும் மட்டும்.

சிரிக்காதே. இங்கே எனக்கு வியாழன் மதியமும் ஞாயிறும்தான் வெளியே போகக் கிடைக்கும். மற்றப் பெண்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நானும் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு காதில் ஏறாமல் எழுந்து கடலோரமாக நடக்கத் தொடங்கினேன். அடுத்த வாரமும் போனேன். இப்போது காலையில் கிளம்பினால் அடுத்த ஊர் வரை போய் இருட்டுவதற்குள் திரும்புகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறேன் மால்காஸ். நடக்கப் பிடிக்கிறது. யாரும் கூப்பிடாத இடத்தில் நடக்கப் பிடிக்கிறது.

வாஷ்லோவானியில் யாருக்கும் வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் சமையலறையும் இல்லை. அதுதான் எனக்கு வேண்டும். அக்டோபரில் வெயிலும் தணிந்திருக்கும்.

தமாஸிடம் பன்றியை விற்றுவிடச் சொல்.

மரேக்கி


ருஸ்தாவி, 20 ஆகஸ்ட்

மரேக்கி,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நொதாரி வேறு யாருடைய கடிதத்தையாவது மாற்றிக் கொடுத்துவிட்டானோ என்று கையெழுத்தைப் பார்த்தேன். உன்னுடையதுதான்.

பாலைவனமா? திராட்சைத் தோட்டத்தை விட்டுப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் யார் தெரியுமா? துறவிகள், இல்லாவிட்டால் செம்மறி ஆடுகள். நீ எதில் சேர்த்தி? அங்கே கட்டுவிரியன் போலப் பாம்பு இருக்கிறது. தண்ணீர் கிடையாது. எல்லைக்காவல்காரனிடம் அனுமதி வாங்க வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற வேலை இது.

தமாஸிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தோட்டத்தில் வேலை செய்கிற எல்லார் முன்னாலும் கேட்டான், "ஏன்டா, பொண்டாட்டி பாலைவனத்துக்குப் போறேங்கிறாளாமே, நீ என்ன ஒட்டகமா?" அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் ஒட்டகம். பெட்ரோல் போடுகிற பையன்கூடக் கேட்கிறான், "மாமா, டாங்குல தண்ணி ஊத்தட்டுமா?"

சரி, அவர்களை விடு. என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். எனக்கு வலிக்கிறது. ஏழு வருடமாக நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலி காலி. "மரேக்கி எப்ப வர்றா?" என்று கேட்காத வாய் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்த ஒரு நாள் அவர்கள் எல்லாரும் பார்க்க நீ வந்து உட்கார வேண்டும், நான் உன் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் என்ன தப்பு? மேஜை உனக்காகத்தானே? இத்தாலிக்காரர்கள் ஒயினைக் குடித்து நம் ஒயின் கசந்துவிட்டதா?

நாற்பது பேரிடமும் சொல்லியாயிற்று. இனி மாற்ற முடியாது.

மால்காஸ்


பாரி, 28 ஆகஸ்ட்

மால்காஸ்,

ஒயின் கசக்கவில்லை. மேஜைதான் கசக்கிறது.

நான் இத்தாலிக்குக் கிளம்பின அன்று என்னை வழியனுப்ப ஒரு மேஜை போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? முப்பது பேர். அதுவும் எனக்காகத்தான். முந்தின நாள் விடியற்காலை கோழி வேகவைக்கத் தொடங்கினேன். உன் அண்ணி எட்டெரியும் நானும் கத்தரிக்காய் சுருட்டினோம், ரொட்டி சுட்டோம், தட்டு எடுத்தோம், தட்டு வைத்தோம். பெண்களுக்கான வாழ்த்து வந்தது. வழக்கம்போல ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றீர்கள். நீ என் பெயரைச் சொன்னாய். அழகாகத்தான் சொன்னாய், ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. நான் முற்றத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன், நீ என்னைப் பார்ப்பாய் என்று. உன் அண்ணன்தான் பார்த்தான். காலி ரொட்டிக்கூடையை நீட்டி, "மரேக்கி, இது தீர்ந்துபோச்சு பாரு" என்றான்.

கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நான் திரும்பி வரும்போது எல்லாரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் பஸ் வந்துவிட்டது. ஈரச் சட்டைக்கையோடு துருக்கி எல்லை வரை போனேன். உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகவில்லை. நீயும் அதைக் கவனிக்கவில்லை.

இங்கே நான் சம்பளத்துக்கு ஊட்டுகிறேன், கழுவுகிறேன், துடைக்கிறேன். கிடைத்திருக்கிற இரண்டு வாரத்தில் அதையே சும்மா செய்ய வர மாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை ஒளித்து வைக்கப் போவதில்லை. நான் பார்த்துக்கொள்கிற பாட்டியம்மா, சிஞ்ஞோராவின் மகன் இன்னும் நான்கு வருடத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார். அக்டோபர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நம் பையன் படித்து வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக்கடனும் முடிந்தது, இனி நான் பணத்துக்காக இங்கே இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தால் உன்னோடு வாழத்தான் வர வேண்டும். அது முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான்கு நாள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். மேஜை போடாதே மால்காஸ். போட்டால் அதில் நான் இருக்க மாட்டேன்.

மரேக்கி


ருஸ்தாவி, 9 செப்டம்பர்

மரேக்கி,

கோபத்தில் ஒரு வாரம் எழுதவில்லை. யார் இத்தனை வருடம் கழித்து ஒரு ரொட்டிக்கூடையை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தமாஸின் பேரனுக்கு ஞானஸ்நானம். எல்லாரும் என்னைத் தமாதா நாற்காலிக்குத் தள்ளினார்கள். எனக்கு ஒரு வீம்பு வந்தது. இவள் சொல்வதெல்லாம் மிகை, சமையலறையில் அப்படி என்ன கொடுமை நடக்கிறது, நானே நின்று பார்த்து இவள் வாயை அடைக்கிறேன் என்று உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஏதோ குளியலறைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

எட்டெரி கேட்டாள், "என்ன மால்காஸு, வயித்துப் போக்கா? படுக்கணுமா?"

"ஒத்தாசைக்கு வந்தேன்" என்றேன்.

"ஒத்தாசையா? அப்ப அந்த அண்டாவப் புடி. ஐயோ, துணி வெச்சுப் புடிய்யா!"

கை வெந்துவிட்டது. நெற்றி ஆறினதும் கை. சரி, கேள். பெண்களுக்கான வாழ்த்து வந்தது. என் இடத்தில் தமாஸ் பேசினான். உள்ளே ஒன்றும் புரியவில்லை, தண்ணீர்ச் சத்தத்தில் வெறும் கூச்சல்தான் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. நான் எட்டெரியிடம், "கேளு, உங்களுக்காக எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க" என்றேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்க காலையில இருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கென்று இரண்டு கூலிப் பெண்களைச் சமைக்க வைத்து உன்னை உட்கார வைக்கலாம் என்றும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ உக்காந்துருவாளா? நாங்க கழுவறப்ப அவளால ஒரு வாய் முழுங்க முடியுமா? நீ இத்தன வருஷம் எந்த மரேக்கியோட குடும்பம் நடத்தின?" என்றாள்.

ஆகவே விட்டுக்கொடுக்கிறேன். மேஜை வேண்டாம், க்வரேலி வேண்டாம். சிக்னாகி மட்டும் போவோம். பால்கனி, நீ, நான். சமைப்பது அவர்கள், கழுவுவதும் அவர்கள். உன் கையில் ஒரு கோப்பை, எதிரே பள்ளத்தாக்கு. பாதி நான் இறங்கி வந்தேன், பாதி நீ வா. இது நியாயம்தானே?

மால்காஸ்


பாரி, 17 செப்டம்பர்

மால்காஸ்,

நீ அண்டா பிடித்ததைப் படித்துச் சிரித்தேன். சிஞ்ஞோரா எழுந்துவிட்டார், என்ன என்று கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார். கைக்கு எண்ணெய் தடவாதே, தண்ணீரில் வை.

நியாயமாகத்தான் கேட்கிறாய். வேறொருத்தி என்றால் ஒத்துக்கொள்வாள். ஆனால் சிக்னாகியில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் பால்கனியில் உட்காருவோம். கீழே தெருவில் ஒருத்தன் அண்ணாந்து பார்த்து, "அட, மால்காஸ்! எப்பய்யா வந்த? இறங்கி வா, ஒரே ஒரு கோப்பை" என்பான். நீ என்னைப் பார்ப்பாய். நான் போ என்பேன். விடியும்போது பாடிக்கொண்டு வருவாய். ககேத்தியில் உன்னை அறியாத நாய்கூடக் கிடையாது. இது உன்மேல் குற்றம் இல்லை, உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் அதனால்தான் பிடித்தது.

எனக்கு யாருமே உன்னைக் கூப்பிடாத இடம் வேண்டும். பாதி வழி இதில் கிடையாது.

அக்டோபர் 2ஆம் தேதி வருகிறேன். 4ஆம் தேதி காலை தெதோப்லிஸ்த்ஸ்காரோவுக்கு பஸ் ஏறுகிறேன். அங்கே ஒரு ஜீப்காரரிடம் பேசியாயிற்று, அவர் பாலைவனத்து வாசலில் இறக்கிவிடுவார். இரண்டு பேர் என்றே சொல்லியிருக்கிறேன். ஒருவர்தான் வந்தாலும் கூட்டிப் போவாராம்.

மரேக்கி


ருஸ்தாவி, 25 செப்டம்பர்

மரேக்கி,

நேற்று க்வரேலிக்குப் போனேன். ஆட்கள் அன்றைய அறுப்பை முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன், "அண்ணே, மரேக்கிக்கு மேஜை வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் பாலைவனத்துக்குப் போறோம். யாரும் வர வேண்டாம்."

தமாஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய் பீர் பாட்டிலோடு வந்தான். ஒயின் நிறைந்த மேஜையில் பீரை எனக்கு ஊற்றினான், தனக்கும் ஊற்றினான், எழுந்து நின்றான். "என் தம்பிக்கு" என்றான். ஒருத்தருக்குப் பீரைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று பால்குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். நீ நாசமாய்ப் போ என்று அர்த்தம். என் கூடப்பிறந்தவன், மரேக்கி. அப்பா போனபின் எனக்குச் சட்டை தைத்துப் போட்டவன்.

நான் குடித்தேன். சொட்டு விடாமல் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வண்டியில் ஏறினேன். எட்டெரி வாசல்வரை ஓடி வந்தாள். "போய்ட்டு வா. இவன நான் பாத்துக்கறேன்" என்றாள்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாம்புக்கும் வெயிலுக்கும் நான் பயப்படவில்லை. மேஜை இருந்தால் எனக்குப் பேச வரும். செத்தவனைப் பற்றி, பிறக்காதவனைப் பற்றி, முன்பின் தெரியாதவனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். உன்னோடு தனியாக இருந்தால் வாய் கட்டிப்போகிறது. நீ போவதற்கு முன்பே அப்படித்தான். போனில் பேசும்போது நான் ஏன் பாடுகிறேன் என்று நினைக்கிறாய்? அந்த வெட்டவெளியில் முதல் மணி நேரத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும், இவனிடம் ஒன்றும் இல்லை என்று. அப்புறம் நீ அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். பூட்ஸ் வாங்கிவிட்டேன், வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன். கீழ்வீட்டுக்காரி கரண்டியால் கூரையைத் தட்டுகிறாள்.

மால்காஸ்


பாரி, 18 அக்டோபர்

மால்காஸ்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சிஞ்ஞோரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் கறுத்து ஆட்டுக்காரி மாதிரி இருக்கிறாய் என்றார். உன் கால் கொப்புளம் ஆறினதா? தோலைப் பிய்க்காதே.

போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். நான் வரும்போது முடிவோடுதான் வந்தேன். நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது என்று பாதிக்குமேல் தீர்மானித்திருந்தேன். நடை என்பது உனக்கு நியாயம் செய்த மாதிரி இருக்கட்டும் என்றுதான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் நீ நிறுத்தாமல் பேசினாய். பாறைக்கு வாழ்த்துச் சொன்னாய், காட்டுப் பிஸ்தா மரத்துக்கு வாழ்த்துச் சொன்னாய், மலையிலிருந்து ஆடு ஓட்டி வந்த மேய்ப்பனின் நாய்களுக்குக்கூடச் சொன்னாய். கையில் தண்ணீர் பாட்டில். எனக்கு அழுகை வந்தது, இங்கேயும் மேஜையைச் சுமந்துகொண்டு வந்துவிட்டானே என்று. இரண்டாம் நாள் மதியத்தோடு உன் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நீ முன்னால், நான் பின்னால். அவ்வளவுதான், நீ எழுதியது சரிதான், இவனிடம் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வறண்ட ஓடையில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாய். என்னைப் பார்க்காமல், காலைத் தடவிக்கொண்டே கேட்டாய், "அங்க ராத்திரி உன்ன எத்தன வாட்டி எழுப்புவாங்க?"

ஏழு வருடத்தில் பணம் அனுப்பினாயா என்று கேட்டாய், சாப்பிட்டாயா என்று கேட்டாய், எப்போது வருவாய் என்று கேட்டாய். ராத்திரியை யாரும் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். படுக்கை மாற்றுவது, மருந்து, மணி அடிக்காத ராத்திரியிலும் விழித்துக்கொள்வது, முதல் வருடம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துண்டைக் கடித்து அழுதது. வெயில் சாயும்வரை சொன்னேன். நீ நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜார்ஜியா முழுக்கத் தேடினாலும் மால்காஸ் வாய் மூடிக் கேட்டதைப் பார்த்தவர்கள் கிடைக்க மாட்டார்கள், நான் ஒருத்திதான் பார்த்தேன். உனக்குப் பேச வர வேண்டும் என்று யார் கேட்டார்கள்? நான் அதற்காகவா அத்தனை தூரம் வந்தேன்?

நேற்று சிஞ்ஞோராவின் மகனிடம் முடியாது என்றேன். சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்றார். "கணவர் கட்டாயப்படுத்துகிறாரா?" என்று கேட்டார். இல்லை, நானே போகிறேன் என்றேன். அவர் வேறு ஆள் பார்க்கும்வரை இருப்பேன், சிஞ்ஞோராவை அப்படியே விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. ஜனவரியில் வருகிறேன். திரும்பிப் போவதற்கு இல்லை.

வந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நீ பாடுவாய், நான் எரிந்து விழுவேன். தமாஸ் உன்னோடு எப்போது பேசுவான் என்று தெரியவில்லை, அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் நடக்கப் போவேன், மழை பெய்தாலும் போவேன். வேண்டுமானால் கூட வா.

தேதி முடிவானதும் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே. விமான நிலையத்துக்கு நீ மட்டும் வா.

மரேக்கி